ஐயாவுக்கு வந்த சேலை

குலவைச் சத்தம் கேட்டபோது நான் கொல்லையில் சாம்பல் போட்டுக் குண்டான் விளக்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கலாம். எந்த வீட்டில் என்ன விசேஷம் என்று யோசித்து முடிப்பதற்குள் சத்தம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. சாம்பல் கையோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

எங்கள் தெரு ராக்கு அத்தை முன்னால் வந்துகொண்டிருந்தாள். கையில் பெரிய பித்தளைத் தாம்பாளம். அதில் மடிப்புக் கலையாத அரக்குக் கண்டாங்கிச் சேலை, அதன் மேல் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல், சுற்றிலும் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், கல்கண்டு, இரண்டு முழம் கதம்பம். பின்னால் அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டிகள் இரண்டு பேர். குலவை போட்டது அவர்கள்தான்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன மதினி, சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கீக?”

“சொன்னா நீ பலகாரம் சுட உக்காந்துருவ. ஒனக்கு எதுக்குச் சிரமம்னு இப்பிடியே வந்துட்டோம். எங்க வீட்டுக்காரக ஒங்க வீட்டுக்குச் சேலை வளையல் குடுத்து விடச் சொன்னாக. தட்டைப் பிடி.”

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். மறுபடியும் குலவை. ராக்கு அத்தை என் கையைப் பார்த்துச் சிரித்து, “கழுவிட்டு வாத்தா, சந்தனம் பூசணும்” என்றாள்.

கழுவினேன். பூசினாள். கதம்பத்தை என் தலையில் வைத்தாள். பெண் கேட்டு வந்த வீட்டில் பெண் என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் நான் செய்தேன்.

அந்தத் தட்டு எனக்கு வந்ததே அல்ல. எங்கள் ஐயாவைக் கேவலப்படுத்த வந்தது. ஐயா என்றால் எங்கள் வீட்டில் அப்பா.

வளையல் போட்டவர்கள் நான்கு பேர்

போன வாரம் இந்தப் பத்தியில் ஸ்டாஃப் ரூம் சண்டை ஒன்றை எழுதியிருந்தேன். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பயந்த ஓர் ஆசிரியரைப் பார்த்து இன்னோர் ஆசிரியர், “வளையல் போட்டுக்கிட்டு உக்காருங்க சார்” என்று கத்தினார். அப்போது அதே அறையில் வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நான்கு பேர் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். சுற்றுலாவுக்குக் கடைசியில் போனதும் அந்த நான்கு பேர்தான்.

அதைப் படித்த வாசகி ஒருவர், “சண்டையில் ஒருவரைப் பொம்பளை என்று திட்டுவதும், நீ ஆம்பளையா என்று கேட்பதும் எந்தச் சமயத்திலாவது சரியாகுமா டீச்சர்? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் போடுங்கள்” என்று எழுதியிருக்கிறார். ஒரே வார்த்தையில் போட முடிந்தால் நான் ஏன் வாராவாரம் இத்தனை பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன்?

எங்கள் பக்கத்து வசவுகளை நான் கொஞ்சம் ஆராய்ந்திருக்கிறேன். ஆணைத் திட்ட வேண்டுமானால் அவனைப் பெண் என்பார்கள். பெண்ணைத் திட்ட வேண்டுமானாலும் அவளைப் பெண் என்றுதான் சொல்வார்கள், எந்த மாதிரிப் பெண் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். வண்டி மாடு நடுரோட்டில் படுத்துவிட்டால் வண்டிக்காரர் திட்டுவது மாட்டை அல்ல, மாட்டின் ஆத்தாளை. அந்தப் பசு எங்கோ ஒரு தொழுவத்தில் வைக்கோலைத் தின்றுகொண்டு, தன் பெயர் கல்லல் ரோட்டில் நாறுவது தெரியாமல் இருக்கும்.

பாராட்டும் இப்படித்தான். எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கு வந்த ஆய்வாளர் என் வகுப்பைப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க ஆம்பளை மாதிரி வேலை பாக்குறீங்க” என்று மனதாரச் சொன்னார். பக்கத்து வகுப்பில் ஓர் ஆம்பளை மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எந்த ஆம்பளை மாதிரி என்று கேட்க நாக்கு துடித்தது. சம்பள உயர்வு நின்றுவிடுமோ என்று கேட்கவில்லை.

சரி, தட்டுக்கு வருகிறேன்.

இருநூற்றுப் பத்து தப்படி

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். கல்லலிலிருந்து காரைக்குடி போகும் பஸ் ஒன்று எங்கள் ஊர் வழியாகப் போகப்போகிறது என்று முடிவானது. எங்கே நிற்பது என்பதுதான் சண்டை. கிழக்குத் தெரு டீக்கடையிலா, மேற்குத் தெரு ரைஸ் மில்லிலா? இரண்டுக்கும் நடுவே இருநூற்றுப் பத்து தப்படி. நானே நடந்து எண்ணியிருக்கிறேன். இந்த இருநூற்றுப் பத்து தப்படிக்காக இரண்டு தெருவும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. ஒரு கல்யாணத்தில் தனித்தனியாகச் சாம்பார் வைத்தார்கள்.

நாங்கள் கிழக்குத் தெரு. எங்கள் தெருவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் வெள்ளைச்சாமி மாமா, ராக்கு அத்தையின் புருஷன். பெரிய மீசை, பெரிய குரல். அதிகாரி வந்து கேட்கும்போது தெரு சார்பில் பேசுவதற்கு அவர் எங்கள் ஐயாவைத்தான் தேர்ந்தெடுத்தார். ஐயா எட்டாம் வகுப்பு படித்தவர். அது எங்கள் தெருவில் பெரிய படிப்பு.

ஐயா ஒரு வாரம் தயார் செய்தார். வரப்பில் நின்று மாடுகளிடம் பேசிப் பார்த்தார். “கர்ப்பிணிப் பெண்கள், பள்ளி மாணவர்கள், வயோதிகர்கள்” என்று அவர் உழவு மாட்டைப் பார்த்து முழங்கியதை நானே கேட்டிருக்கிறேன். மாடுகளுக்கு ஆட்சேபணை இல்லை.

அதிகாரி ஜீப்பில் வந்தார். டீக்கடை வாசலில் நாற்காலி போட்டிருந்தது. இரண்டு தெருவும் கூடி நின்றன. “கிழக்குத் தெரு சார்பா யார் பேசுறது? என்ன சொல்லணும்?” என்று அதிகாரி கேட்டார். ஐயா முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். தொண்டையைச் செருமினார். வேர்த்து ஊற்றியது.

“தண்ணி சாப்பிடுறீகளா?” என்றார்.

“வேண்டாம்” என்றார் அதிகாரி.

அவ்வளவுதான். ஐயாவின் பேச்சு முடிந்துவிட்டது. பஸ் ரைஸ் மில்லில் நிற்கும் என்று எழுதிக்கொண்டு ஜீப் போய்விட்டது.

வெள்ளைச்சாமி மாமா டீக்கடையில் நின்று கத்தினது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. “பொம்பளை மாதிரி வாயை மூடிக்கிட்டு நின்னுட்டானப்பா! பொட்டச்சி மாதிரி!”

ஐயா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. என்னுடைய கோபம் அவளிடமிருந்து வந்ததுதான்.

“எந்தப் பொம்பளை இந்த ஊர்ல வாயை மூடிக்கிட்டு நின்னா? காட்டச் சொல்லுங்க பாப்பம். என்னைய அனுப்பியிருந்தா அந்த ஆபீசரு நாற்காலிய விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்ன கையெழுத்துப் போட்டுருப்பாரு.”

அது உண்மை. ஆனால் அம்மாவை அனுப்பலாம் என்று இரண்டு தெருவிலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மஞ்சள் குங்குமம் இல்லாமல் எப்படி

எங்கள் பக்கத்தில் ஓர் ஆணை ஆண் இல்லை என்று சொல்லுவதற்கு வாய் வார்த்தையைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பழைய சேலை, இரண்டு வளையல், அவற்றைப் போட ஓர் ஓலைக்கொட்டான். தெருவே பார்க்க ஓர் ஆள் அதைக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். வாங்கினவன் அதற்குப் பதில் செய்யாமல் ஊர்க்கூட்டத்தில் தலைகாட்டக் கூடாது. அதைத்தான் வெள்ளைச்சாமி மாமா செய்யத் தீர்மானித்தார்.

மறுநாள் காலையில் எழுந்ததும் ராக்கு அத்தையிடம், “ஒரு சேலையும் வளையலும் எடுத்து வையி, காத்தமுத்து வீட்டுக்குக் குடுத்து விடணும். ஆளு வருவான்” என்றாராம். காத்தமுத்து எங்கள் ஐயா. எதற்கு என்று மாமா சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் காரணம் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. டீக்கடைக்குப் போய், வேடிக்கை நன்றாகத் தெரியும்படி பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ராக்கு அத்தை யோசித்தாள். காத்தமுத்து வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிறாள். நம் வீட்டில் மகன் பாண்டி இருக்கிறான். முறைப்பையன். மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டாள். பழைய சேலையைத் தொடவே இல்லை, தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த கண்டாங்கியை வெளியே எடுத்தாள்.

ஆளும் வந்தான். ஓலைக்கொட்டானோடு வந்தான்.

“கன்னிப்பொண்ணு இருக்குற வீட்டுக்கு ஒத்தை ஆம்பளை கையில சேலையைக் குடுத்து விடுறதா? மஞ்சள் குங்குமம் இல்லாம வெறுஞ்சேலை குடுக்கலாமா? முறை தெரியாத மனுசன்” என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பிறகுதான் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கியது, தேங்காய் வாங்கியது, குலவைக்கு ஆள் சேர்த்தது எல்லாம்.

டீக்கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அது அவமானம் என்று தெரியும். தெருவில் வேடிக்கை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் அது பரிசம் என்று தெரியும். பரிசம் என்றால் பெண்ணை உறுதி செய்யும் சடங்கு. குலவை காதில் விழுந்தபோது வெள்ளைச்சாமி மாமா வாயில் இருந்த டீயை முழுங்காமல் வைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுந்து போய்த் தடுக்கலாம். தடுத்தால் எல்லார் முன்னாலும் பெண்டாட்டியிடம் காரணம் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

வயலில் இருந்த ஐயாவுக்கு யாரோ போய், “ஒனக்குச் சேலை வருதாம்ப்பா” என்று சொல்லிவிட்டார்கள். மண்வெட்டியோடு ஓடி வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. வீட்டுக்குள் நுழைந்தால் ராக்கு அத்தையும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து அம்மா சுட்ட வெல்லப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் தட்டு.

“இதை யாருக்குக் கொண்டாந்தீக?” என்றார் ஐயா.

“என்னண்ணே கேள்வி? மகளுக்குத்தான். ஒங்களுக்கா கொண்டாருவோம்?”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐயா என்னைப் பார்த்தார், என் கன்னத்துச் சந்தனத்தைப் பார்த்தார், மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “பணியாரம் போதுமா, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லவா?” என்று கேட்டார்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

பெட்டிக்குள் இருந்த கடிதம்

காரைக்குடியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை தகப்பனாரோடு நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அதைத் தகரப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஐயாவே விண்ணப்பம் வாங்கிவந்து, ஐயாவே கையெழுத்துப் போட்டு அனுப்பியது.

ராக்கு அத்தை போனதும் அந்தக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப வேற மாதிரி ஆகிப்போச்சேத்தா” என்றார்.

“ஐயா, அது பரிசம் இல்லையாம். ஒங்களை அசிங்கப்படுத்த அனுப்புனதாம். தெருவுல பேசிக்கிறாக.”

“மெல்லப் பேசு” என்றார். “பரிசமாவே இருந்துட்டுப் போகட்டும்.”

வெள்ளைச்சாமி மாமா வீட்டில், மருமகள் படித்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. பாண்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் மேற்குத் தெரு ரைஸ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு பஸ் மில் வாசலில் நிற்பதுதான் சௌகரியம் என்பதையும் யாரும் கேட்கவில்லை. நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமும் கிடையாது.

மேற்குத் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பஸ்ஸும் கிடைத்து, சிரிக்கவும் விஷயம் கிடைத்தால் விடுவார்களா? தட்டு எதற்காக வந்தது என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கூட்டம் கூட்டச் சொன்னார்கள்.

இரண்டு ஆண்பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூட்டம். ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வைக்கோல் படப்புக்குப் பின்னால் நின்றோம். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்போம்.

அம்பலக்காரர், அதாவது ஊர்த்தலைவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார்.

“வெள்ளைச்சாமி, தட்டு எதுக்குப் போச்சு? அவமானப்படுத்தவா, பரிசத்துக்கா? பழஞ்சேலையக் கொட்டானுல வச்சு அனுப்பியிருந்தா நாங்க கேக்கப் போறதில்லை. மஞ்சளும் குங்குமமும் வச்சு, குலவை போட்டு, அதை அவமானம்னு சொன்னீகன்னா அது தெய்வக் குத்தம். கூட்டத்துல நெடுஞ்சாண்கிடையா விழுகணும்.”

மாமா மீசையைத் தடவினார். விழுந்தால் மேற்குத் தெரு சிரிக்கும். பெண்டாட்டி தன் திட்டத்தைப் பணியாரமாக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தாள் என்று ஊர் பேசும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

“பரிசந்தான்.”

“காத்தமுத்து, நீக என்னான்னு வாங்குனீக?”

ஐயா எழுந்து நின்றார். “பரிசமுன்னுதான் வாங்குனோம்.”

“ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீக. ஆவணியில நாளைப் பாருங்க.”

அவ்வளவுதான். ஒருவருக்கு மன்னிப்புக் கேட்க வெட்கம், இன்னொருவருக்குச் சேலை வந்தது தனக்கு என்று சொல்ல வெட்கம். இரண்டு வெட்கத்துக்கும் சேர்த்து எனக்குக் கல்யாணம். கூட்டம் எழுந்திருக்கத் துண்டை உதறிவிட்டது.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. படப்பைச் சுற்றிக்கொண்டு நடுக் கூட்டத்தில் நின்றேன். பின்னாலிருந்து அம்மா, “ஏய், ஏய்” என்பது கேட்டது.

“அந்தத் தட்டு எனக்கு வரலை” என்றேன். “எங்க ஐயாவைப் பொம்பளைன்னு சொல்ல வந்துச்சு. கிழக்குத் தெரு ஆம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க.”

கிழக்குத் தெரு ஆம்பளைகள் அம்புட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அம்பலக்காரர் ஐயா பக்கம் திரும்பினார். “ஒங்க மக சொல்றது நெசமா?”

ஐயா என்னைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. வாயைத் திறந்தார்.

“சின்னப்பிள்ளை” என்றார். “வெவரம் தெரியாமப் பேசுது. மன்னிச்சுக்கங்க.”

அப்போது என்னிடம் எத்தனையோ நியாயங்கள் இருந்தன. கடிதம் இருந்தது. அவர் போட்ட கையெழுத்து இருந்தது. திங்கட்கிழமை என்ற கெடு இருந்தது. அதில் ஒன்றும் என் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

“நீங்கள்லாம் ஒரு ஆம்பளையாய்யா?”

நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை.

“அன்னைக்கும் வாயைத் தொறக்கலை. இன்னைக்கும் தொறக்கலை. வெள்ளைச்சாமி மாமா அனுப்புனது சரிதான். அந்தச் சேலையை நீங்களே கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்துக்கங்க.”

மேற்குத் தெருப் பக்கம் யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தார். நான் கட்டியிருந்ததும் சேலைதான். அன்று காலையில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு நான்தான் தொழுவம் கூட்டி, தண்ணீர் இறைத்து, இத்தனை ஆண்கள் நடுவில் வந்து நின்றேன். அது அந்த நிமிஷத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. எந்த வசவைக் கேட்டு மூன்று நாளாக வயிறு எரிந்ததோ, அதே வசவை எடுத்து ஐயாவின் முகத்தில் எறிந்தேன். இருக்கிறதிலேயே அதுதான் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

வலித்தது. ஐயாவின் காது மடல் சிவந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“எனக்குத்தான் வந்துச்சு” என்றார். எல்லாருக்கும் கேட்டது. “எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் மகளுக்குன்னு வாங்கிக்கிட்டேன். பரிசம் இல்லை. விடுங்க.”

கல்கண்டு பாதிதான் இருக்கு

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. முதலில் ராக்கு அத்தை படப்புக்குப் பின்னாலிருந்து நேராகப் புருஷனிடம் வந்தாள்.

“பொம்பளைன்னு வையிறதுக்கா என் தீபாவளிச் சேலையைக் கேட்டீக? முன்னாடியே சொல்லியிருந்தா ஒங்க வேட்டியில ஒன்னைக் குடுத்து விட்ருப்பேன்ல? நான் தட்டோட போகையில வாயை மூடிக்கிட்டு இருந்தது நீகளுந்தானே?”

வெள்ளைச்சாமி மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்பலக்காரர் சொல்லி விழுந்தாரா, அத்தை வந்த வேகத்தில் விழுந்தாரா என்பதில் எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

அடுத்து, தட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அம்மா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். “சேலை இருக்கு. வளையல்ல ரெண்டு ஒடைஞ்சுபோச்சு. தேங்காயைத் தொவையல் அரைச்சுட்டேன். பழம் இல்லை. கல்கண்டு பாதிதான் இருக்கு.” தின்றுவிட்ட பழத்துக்கு முறை என்ன என்று பெரியவர்கள் கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். ராக்கு அத்தையே கடைசியில், “பணியாரத்துக்குச் சரியாப்போச்சு, விடுங்க” என்று சொல்லி முடித்துவைத்தாள். போகும்போது என் தலையில் கையை வைத்து, “நீ வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். போயி படி” என்றாள். பாண்டி அன்றைக்கும் மில்லில் இருந்தான். தனக்குக் கல்யாணம் நிச்சயமானதையும் நின்றதையும் ஒரே சமயத்தில் சாயங்காலம் தெரிந்துகொண்டான்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். எனக்கு ஜெயம். அன்று முழுக்க ஐயா என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று முறை தொழுவத்துப் பக்கம் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறையும் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை

காலையில் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ரைஸ் மில் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அன்றுதான் ஓடத் தொடங்கிய பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரேயே வந்தது, ஐயா கையைக் காட்டினார், நின்றது. பிறகு பல வருஷம் அந்த பஸ்ஸில் போய் வந்தேன். கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது. ரைஸ் மில்லில் யாரும் கை காட்டாவிட்டால் நிற்காமல் போனது.

காரைக்குடி வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பயிற்சிப் பள்ளியில் தலைமை ஆசிரியையின் அறை. பெரிய மேஜை, அதற்குப் பின்னால் கண்ணாடி போட்ட, சிரிக்காத ஓர் அம்மாள். ஜீப்பில் வந்த அதிகாரி எவ்வளவோ தேவலை. அந்த அம்மாள் என் தாள்களைப் பார்த்துவிட்டு ஐயாவை நிமிர்ந்து பார்த்தார்.

“பாதிப் பேர் நடுவுல கல்யாணம்னு வந்து கூட்டிட்டுப் போயிடுறாங்க. உங்களுக்கு முழுச் சம்மதமா? வாயால சொல்லுங்க.”

ஐயா தொண்டையைச் செருமினார். நெற்றியில் வேர்வை பொடித்தது. எனக்குத் தெரிந்துபோயிற்று, அடுத்து தண்ணீர் சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்கப்போகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சம்மதமுங்க” என்றார். “இவ எம் மக. படிக்கட்டும். நடுவுல இவளைக் கூப்பிட்டு யாரு வந்தாலும் அனுப்பாதீக. நானே வந்து நின்னாலும் அனுப்பாதீக.”

அந்த அம்மாள் தலையை அசைத்து, குனிந்து எழுதிக்கொண்டார். கண்ணைத் திறந்தேன். ஐயாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். ஐயா படி இறங்கினார், நின்றார், திரும்பினார். ரோட்டில் ஒரு வண்டி போய் முடிகிற வரைக்கும் காத்திருந்தார். என் பக்கம் கொஞ்சம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“ஏத்தா, இப்பச் சொல்லு. நான் ஆம்பளைதானே?”

கேலி இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே கேட்டார். எட்டாம் வகுப்பு படித்த, நாற்பத்தைந்து வயது மனிதர், பத்தொன்பது வயது மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

“ஆமாங்கய்யா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் பயிற்சி முடித்தேன், டீச்சரானேன், எனக்குப் பிடித்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டேன். அத்தனைக்கும் ஐயா என் கூட நின்றார். ஒவ்வொரு தடவையும், எனக்காக ஏதாவது ஒன்றைச் செய்து முடித்ததும், ஒரு வார்த்தையும் பேசாமல் என் முகத்தை அப்படித்தான் பார்த்தார். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் பார்த்தார்.